கீழிருந்து விழுந்த வெளிச்சம்

என் இடது கன்னத்தில் தீக்காயத் தழும்பு உண்டு. சின்ன வயதில் கொதிக்கிற களிப்பானை என்மேல் சாய்ந்துவிட்டது. அதற்காக நான் அழுததைவிட என்னைப் பார்த்து ஊர்க்காரர்கள் உச்சுக்கொட்டியதுதான் அதிகம். சனியன்கள்.

தொண்ணூற்றெட்டில் வரன் தேடினார்கள். அப்பா என்னை மலையிலிருந்து சேந்தமங்கலத்து ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனார். ஸ்டுடியோக்கார பாய் ஒரே ஒரு லைட்டை என் வலப்பக்கம் வைத்தார். இடப்பக்கம் சாத்தியிருந்த வெள்ளைத் தெர்மாகோல் பலகையை எடுத்துவிட்டார்.

"இது இருந்தா வெளிச்சம் திருப்பியடிச்சுக் காட்டிக் குடுத்துரும் கண்ணு. இந்தப் பக்கம் நெழலாவே இருக்கட்டும்."

போட்டோவில் நான் அழகாக இருந்தேன். தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

அதைப் பார்த்துவிட்டு முள்ளுக்குறிச்சியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் தாடையைப் பிடித்து வாசல் வெயிலுக்கு இழுத்தாள். போட்டோவைக் கன்னத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். சந்தையில் மாட்டைக்கூட இப்படிப் பார்க்கமாட்டார்கள்.

"ஏனுங்க, பாதி மூஞ்சியத்தான் கட்டிக் குடுக்கறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். காப்பி கொண்டுவந்த தங்கைமேல் அவள் கண் போயிற்று. "இந்தப் புள்ளையக் குடுத்தீங்கன்னா இப்பவே பேசி முடிச்சரலாமுங்க."

அப்பா என்னைப் பார்க்கவேயில்லை. "சரிங்க" என்றார். மூத்தவளை வீட்டில் வைத்துக்கொண்டு இளையவளைக் கட்டிக்கொடுத்தால் மூத்தவளைத் தேடி எவன் வருவான்? எவனும் வரவில்லை.

கல்யாணம் எங்கள் வீட்டில்தான். படமெடுக்க அதே பாய் வந்தார். பலாமர நிழலில் ஆளை நிறுத்தி, எதிரே வெயிலில் தெர்மாகோல் பலகையைப் பிடித்தால் முகத்தில் வெளிச்சம் விழும். பலகை பிடிக்க ஆள் வேண்டும் என்றார்.

"மூத்தவ சும்மாதான நிக்கறா, அவ புடிக்கட்டும். அந்த மூஞ்சி போட்டோவுல வராம இருக்கும்" என்றாள் சம்பந்தியம்மா.

பாய் என் காதருகே சொன்னார்: "பலகைய மூஞ்சி ஒசரத்துக்குப் புடி சாமி. கீழ எறக்கிராத. எறக்கினா பேயாட்ட வரும்."

தங்கைக்கு ஒழுங்காகப் பிடித்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்? அடுத்து சம்பந்தியம்மா பட்டுச்சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றாள். "என்னையத் தனியா ஒண்ணு எடுங்க பாய்."

நான் முட்டிபோட்டுப் பலகையைத் தரைக்கு இறக்கினேன். வெளிச்சம் அவள் தாடைக்கடியிலிருந்து மேலே ஏறியது. பாய் கேமராவிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். என் கன்னத்தையும் பார்த்தார். குனிந்து எடுத்துவிட்டார்.

படம் வந்ததும் அவள் அதைக் காலண்டருக்குப் பின்னால் சொருகினாளாம். அப்புறம் கேமராவைக் கண்டாலே எழுந்து போய்விடுவாளாம். சில வருஷத்தில் செத்துப்போனாள். தனியாக எடுத்த படம் அது ஒன்றுதான். அதையே பெரிதாக்கி, பொட்டு வைத்து, மாலை போட்டு மாட்டினார்கள். கண்ணிருந்த இடத்தில் இரண்டு கறுப்புக் குழி. தங்கையின் குழந்தை அந்த அறைக்குள் வரவே பயந்து அலறுகிறது.

கருமாதிக்குப் போயிருந்தேன். அந்தப் படத்துக்கு நேர் எதிரே இலை போடச்சொல்லி உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிட்டேன்.