கஸ்தூரி வரைந்த சிவப்புக் கோடு

கஸ்தூரி ஒரு சண்டைக்காரி என்று இரங்கல் கூட்டத்தில் உங்களில் சிலர் சிரித்துக்கொண்டே பேசினீர்கள். அது தவறு. அவர் யாரோடும் சண்டை போட்டதில்லை. ஒரே கேள்வியை, பதில் வரும்வரை கேட்டார்.

பெங்களூரு மர்பி டவுனிலிருந்து அவருடைய தம்பிதான் என்னை அழைத்தார். "அக்கா போயிட்டாங்க மேடம்."

நாங்கள் இருவரும் வேலை பார்த்த கடற்கரை வரைபட அலுவலகத்தில் அறிக்கைகளைத் திருத்துவது என் வேலை. செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துக் கடற்கரைக் கோட்டை வரைவது அவர் வேலை. கான்வென்ட்டில் படித்த எனக்கு ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் பொறுக்காது. அவர் வேலையில் நான் கைவைக்க எதுவும் இருந்ததில்லை.

ஒருநாள் புதிய பொறியாளர் ஒருவர் ஒரு மீனவ ஊரின் பழைய படத்தின்மேல் புதிய படத்தை வைத்து, "மேடம், இங்க கரை வளர்ந்திருக்கு!" என்று மகிழ்ந்தார்.

"படம் எடுத்தப்போ கடல் ஏறியிருந்துதா, இறங்கியிருந்துதா?" என்றார் கஸ்தூரி.

பழையது கடல் ஏறியிருந்த நேரம். புதியது இறங்கியிருந்த நேரம்.

"குடித்தனக்காரன் ஊருக்குப் போனா வீடு பெருசாயிடுமாப்பா? சாயங்காலம் திரும்பி வந்துடுவான்."

பொறியாளரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். கஸ்தூரி அந்த ஊருக்கே போய், அலை அரித்த கரையில் நடந்து பார்த்துவிட்டு வந்தார். பிறகுதான் வீடுகளுக்குப் பின்னால் சிவப்புக் கோட்டை வரைந்தார். கோட்டுக்குக் கடல் பக்கம் வெள்ள அபாயம் என்று பொருள்.

என் கணவர் இறந்தபோது வீட்டுக்கு வந்த எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். கஸ்தூரி அடுக்களைக்குள் போய்ப் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அவர் ஓய்வுபெற்ற பின் அந்த மீனவ ஊரின் வரைபடம் வெளியானது. கடல் இறங்கியிருந்த அதே படத்தை வைத்து, கோட்டைக் கடலை நோக்கி நகர்த்தியிருந்தார்கள். மூலையில், வரைந்தவர் என்று கஸ்தூரியின் பெயர். திருத்துங்கள், இல்லையென்றால் பெயரை எடுங்கள் என்று அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டார். "சொல்ப அட்ஜஸ்ட் மாடி மேடம், பேர்தானே" என்று, கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல்லிக் கன்னடம் கலந்து பதில் வந்தது.

"பேர்தானாம் அக்கா," என்றார் என்னிடம். "அந்தப் பேர நம்பி யாராவது அங்க வீடு கட்டிட்டா?"

கடைசிவரை திருத்தம் வரவில்லை. அதைப் பார்க்காமலே அவர் போனதுதான் எனக்கு ஆறவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, பதில் வரும்வரை கேட்கும் பழக்கம். எனவே உங்களில் இன்னும் அந்த அலுவலகத்தில் இருப்பவர்களைக் கேட்கிறேன். கோட்டை அவர் வரைந்த இடத்துக்கு மாற்றுவீர்களா, அவர் பெயரை எடுப்பீர்களா? போனில் சொல்ல வேண்டாம். எழுத்தில் பதில் தாருங்கள்.