சின்ன முகடு

இது நடந்தது. எனக்கே நடந்தது, அதுவும் பட்டப்பகலில். கூட்டிக் குறைத்துப் பேசுவது எங்கள் வீட்டு வழக்கமல்ல. ஒரே ஒரு நாள் நான் தவறினேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

என் தம்பி லாரி ஓட்டுநர். ஒரு விடியற்காலையில் லாரி சுவரில் மோதி இறந்துபோனான். “குடிச்சிருப்பான்” என்றது தெரு. எங்கள் பரம்பரையில் யாரும் அதைத் தொட்டதில்லை என்று தலைநிமிர்ந்து சொல்லி வந்தவன் நான். விசாரணைக்காக அவன் ரத்தம், நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கே வந்தது. அது இருந்த கண்ணாடிக் குழாயில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். தேதியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் ஒன்று உண்டு. அதில் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்கும். நாள்தோறும் நிறையக் குடிப்பவர்களுக்கு அந்தச் சங்கிலிகள் குறைந்துபோகும். அப்போது இயந்திரம் வரையும் கோட்டில், பெரிய முகட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முகடு எழும். அது எழுந்தால் எங்கள் மானம் போயிற்று.

பகல் 1.05.

“சார், சாப்பிட வரலையா? மெஷினுக்குத்தான் பசிக்காது!” என்றார் உடன் வேலை செய்யும் அம்மா.

“நீங்க போங்கம்மா. வந்துடறேன்.”

தம்பியின் குழாயை உறைபெட்டியின் அடியில் மறைத்தேன். அவன் எண்ணை எழுதிய புதுக் குழாயில் என் ரத்தத்தை விட்டேன். நான் ஒரு சொட்டும் குடித்தறியாதவன்.

முதலில் இயந்திரத்தில் வெறும் தண்ணீரை ஓட்டிக் கழுவ வேண்டும். கோடு தட்டையாக வரவேண்டும்.

1.14. சின்ன முகடு.

பழைய மிச்சமாக இருக்கும். கழுவக் கழுவக் குறையும்...

1.23. உயர்ந்திருந்தது.

1.32. இன்னும் உயரம்.

இனியும் கழுவ நேரமில்லை. என் ரத்தத்தை வைத்தேன்.

1.41. பெரிய முகடு... பக்கத்தில் சின்ன முகடு.

டக்.

உறைபெட்டிக் கதவு... தானாகத் திறந்தது.

பிடரியில் குளிர்.

“அண்ணே... என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

அவன் குரல்.

அன்றே மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். மறைத்திருந்த குழாயை அந்த அம்மாதான் ஓட்டினார். வெளிறிய முகத்தோடு வந்தார்.

“சார்... உங்க தம்பி குடிக்கிறவரே இல்ல.”

என் ரத்தத்தையும் மூன்று முறை ஓட்டிப் பார்த்தார்கள். மூன்று முறையும் சுத்தம்.

1.41 தாள் கோப்பில் இருக்கிறது. முகடும் இருக்கிறது. அது யாருடைய ரத்தம் என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை.