இருநூறு குதிரைவலு

எனக்குப் பதினொரு வயதானபோது சித்தப்பா சொன்ன பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்தேன். அதற்காக வெகுகாலம் பெருமைப்பட்டேன்.

சித்தப்பா ஹம்பேர்க்கில் ஒரு கராஜில் மெக்கானிக். அப்பா துறைமுகத்துப் பண்டகசாலையில் வேலை செய்தார். இருவரும் சேர்ந்து ஒரு பழைய அமெரிக்கக் கார் வாங்கியிருந்தார்கள். நீண்ட மூக்கும் இரண்டே கதவுமாக, எஞ்சின் இல்லாமல், அது கராஜின் பின்முற்றத்தில் நின்றது. நானூறு குதிரைவலுவுள்ள எஞ்சின்தான் போடவேண்டும் என்பது அப்பாவின் முடிவு. அதற்குக் குறைந்தால் பஸ்ஸிலேயே போய்விடலாம் என்பார். சித்தப்பாவும் எங்கோ தேடி அப்படியொரு எஞ்சினைக் கொண்டுவந்துவிட்டார்.

பிறகு திடீரென்று கதையை மாற்றினார். இருநூறு போதும் என்றார். பழைய சட்டகம் தாங்காது என்றார். அடுத்த வாரம், மழையில் பின்சில்லு வழுக்கும் என்றார். அதற்கடுத்த வாரம் பெற்றோல் செலவைச் சொன்னார். ஒரே காரணத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். கராஜுக்குப் போனபோது பெரிய எஞ்சின் மூலையில் பழைய போர்வையால் மூடிக் கிடந்தது. தனக்கென்று ஒதுக்கி வைக்கிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் வாகனப் பரிசோதகரின் கடிதம் வந்தது. எங்கள் வீட்டில் ஜெர்மன் கடிதம் எது வந்தாலும் நான்தான் வாசித்துச் சொல்வேன். இதை மட்டும் சித்தப்பா தானே பிரித்து வாசித்தார்.

"அண்ணை, நானூறுக்கு விடமாட்டினமாம்," என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை ஜாக்கெட்டுக்குள் வைத்தார்.

ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டு அவர் கைகழுவப் போன நேரத்தில் நான் அதை எடுத்தேன். பிரேக்கைப் புதிதாக மாற்றினால் நானூறுக்கு ஆட்சேபம் இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தது. சாப்பாட்டு மேசையில், அம்மாவும் இருக்க, வரிவரியாகத் தமிழில் சொன்னேன். சித்தப்பா ஈரக் கையோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன்ரா பொய் சொன்னனீ?" என்று கேட்டார் அப்பா.

சித்தப்பா அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைக்கடியில் இருந்த அவருடைய வலது காலையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா அதைக் கவனித்தார். காலை மெல்லக் கதிரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"சரி, இருநூறையே போடு," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சாட்சியோடு பிடித்துக் கொடுத்தும் கள்வன் பக்கமே தீர்ப்பு. அம்மா என்னை அதட்டி அறைக்கு அனுப்பினார்.

பல வருடங்களுக்குப் பிறகு, அப்பாவின் கால்விரலில் ஆறாத புண் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில்தான், அவர் தன்னிடம் ஒப்புக்கொண்டதை அம்மா எனக்குச் சொன்னார். கார் வாங்கிய காலத்திலேயே நீரிழிவு அவருடைய வலது பாதத்தை மரக்கவைத்திருந்தது. பெரிய எஞ்சின் வந்த பிறகு ஒருநாள் கராஜ் முற்றத்தில் யாருடைய காரையோ நகர்த்தும்போது, பிரேக் என்று நினைத்து அக்ஸிலரேட்டரை அழுத்தியிருக்கிறார். முன்னால் நின்ற சித்தப்பா சுவரோடு ஒட்டித் தப்பியிருக்கிறார். செருப்பு வழுக்கிவிட்டது என்று அப்பா சொல்ல, ஓம் அண்ணை, வழுக்கியிருக்கும் என்று சித்தப்பாவும் சொல்லியிருக்கிறார். வீட்டில் சித்தப்பா அதைப்பற்றி மூச்சுவிடவில்லை. எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாத காலுக்கடியில் நானூறு குதிரைவலுவை வைக்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை.

ஆனால் கார் முதன்முதல் வீதிக்கு வந்த அந்தக் கோடை நாளில் இதொன்றும் எனக்குத் தெரியாது. அப்பா முற்றத்துக்குள் ஒரு சுற்று ஓட்டினார், மிக மெதுவாக. வெளிவாசல் படலையடியில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துத் திறப்பை உருவிக்கொண்டு இறங்கி, தன் தம்பியிடம் நீட்டினார்.

"நீ ஓட்டு. நான் பக்கத்தில இருந்து பாக்கிறன்."

சித்தப்பா உடனே வாங்கவில்லை. அப்பா அவருடைய கையைப் பிடித்துத் திறப்பை வைத்தார். பின் இருக்கையிலிருந்து நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் காரையும் எடுத்துக்கொண்டுவிட்டார், நான் சந்தேகப்பட்டது சரிதான் என்று நினைத்தேன்.