நாலாவது வரிசை

பட்டினப்பாக்கத்தில் லாசருக்குத் "தீவு" என்று பட்டப்பெயர் வைத்தவர்களில் நானும் ஒருத்தன். மீன் வாங்க வருகிறவர்களைக்கூட அவன் விடமாட்டான். வஞ்சிரம் நறுக்கி முடிப்பதற்குள் மத்தியதரைக் கடலில் இருக்கும் ஒரு குட்டித் தீவின் சரித்திரத்தையே சொல்லி முடித்துவிடுவான்.

பெயர் வாயில் நுழையாத அந்தத் தீவின் துறைமுகத்தில் ஒன்பது வருடம் கல் சுமந்தவன் அவன். ஒரு காலத்தில் அங்கே பாய்மரக் கப்பல்களில் உப்பு ஏற்றினார்களாம். பெரிய கப்பல் வரட்டும் என்று கடலுக்குள் கல்சுவர் நீட்டினார்கள். சுவருக்கு ஒரு பக்கம் மணல் சேர்ந்தது. மறுபக்கம் கடல் ஊரைத் தின்ன ஆரம்பித்தது. நாலு தெருவில் மூன்று போயின. மிஞ்சியதை ஜனங்கள் "நாலாவது தெரு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்த தபால்காரர் ஒருநாள், "முதல் தெரு எங்கே?" என்று கேட்டார். அன்றைக்கே சிலர் வீட்டுக் கதவைக் கழற்றினார்கள். ஊரைவிட்டுப் போகிறவர்கள் அங்கே முதலில் கதவைத்தான் எடுப்பார்களாம். கழற்றாத வீடுகளை அந்தக் குளிர்காலத்தில் கடல் கதவோடு கொண்டுபோனது.

"அது அந்த ஊரு நைனா. இங்க நம்மள காப்பாத்த அந்தோணியார் கீறாரு" என்று சிரிப்போம்.

லாசர் வீடு நாலாவது வரிசை. அவன் வெளிநாடு போனபோது முன்னால் மூன்று வரிசை இருந்தது. திரும்பி வந்தபோது ஒன்று. போன புயலோடு அதுவும் போய்விட்டது. போய்விடலாம் என்று அவன் சொன்னால் மனைவி ஜாஸ்மின் கேட்கமாட்டாள். அரசாங்கம் ஒதுக்கிய வீடு கடலிலிருந்து இருபது கிலோமீட்டர்.

"அங்க போய் இன்னாத்த விக்கிறது? செவுத்தையா?" என்பாள்.

உபதேசம் ஊருக்குத்தான் என்று நானும் கிண்டல் செய்திருக்கிறேன்.

நேற்றுக் காலை நான் அவர்கள் வாசலில் நின்றிருந்தபோது, அரசாங்கத்திலிருந்து வீட்டு விவரம் எழுத ஒரு பெண் வந்தாள்.

"எத்தனாவது வரிசை அக்கா?"

"நாலாவது" என்றாள் ஜாஸ்மின், மீனைக் கழுவிக்கொண்டே.

அந்தப் பெண் கடலைப் பார்த்தாள். "அப்போ முதல் வரிசை எங்க?"

ஜாஸ்மின் கை நின்றுவிட்டது. நான் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. லாசர் உள்ளே போய் ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வந்து, கதவின் கீழ்க் கீலில் வைத்தான். ஜாஸ்மின் சண்டைக்குப் போவாள் என்றுதான் நினைத்தேன். அவள் ஈரக்கையோடு எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா கழட்டுய்யா, மேல வுழுந்துடப்போவுது."

"முடிச்சிட்டு அந்த ஸ்க்ரூ டிரைவர எனக்குக் குடு லாசரு" என்றேன்.

எங்கள் வீடு ஐந்தாவது வரிசை.