கொட்டகலை ஸ்டேஷனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. இலங்கை மலைநாட்டில் கொட்டகலைக்கு மேலே இருக்கும் ஒரு தோட்டத்தில் அப்போது நான் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிக் குட்டையாக்குகிற வேலை. அப்பா இல்லை. வீட்டில் அம்மாவும் கல்யாணத்துக்கு நின்ற தங்கச்சியும்தான்.

பக்கத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் அடுத்த வரிசை வீடுகளில், ஒரு பெண் இருந்தாள். கொழுந்து எடுப்பவள். பெரிய அழகி என்று சொல்ல மாட்டேன். ஆனால் மலை ஊற்று விழும் பீலியில் தண்ணீர் பிடிக்க அவள் வந்தால் எனக்கு வேறு யாரும் கண்ணில் படமாட்டார்கள். தோட்டத்து வாலிபர்களை எல்லாம் அவள் அண்ணே, அண்ணே என்று கூப்பிடுவாள். என்னை மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இதை வைத்தே நான் மனக்கோட்டை கட்டிவிட்டேன்.

ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, வீட்டில் வந்து பெண் கேட்கட்டுமா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். உங்கள் தங்கச்சி கல்யாணம் முதலில் முடியட்டும் என்றாள். சரியான பேச்சாகத்தான் தெரிந்தது. தங்கச்சிக்கு நல்லபடியாகக் கல்யாணம் முடிந்தது. மறுபடி கேட்டேன். அவளுடைய அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தை பிறக்கட்டும் என்றாள். தையும் பிறந்தது. அப்புறம் திருவிழா முடியட்டும் என்றாள்.

கோபித்துக்கொண்டு நான் கொஞ்ச நாள் பீலிப் பக்கம் போகாமல் இருந்தால், அவளாகவே வழியில் நின்று, சாப்பிட்டீங்களா, ஏன் இளைச்சுப் போயிட்டீங்க என்று கேட்பாள். அவ்வளவுதான், என் கோபம் போய்விடும். தீபாவளிக்கு நான் கொடுத்த ரிப்பனை வாங்கிக்கொண்டாள். அதைக் கட்டி ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. பத்திரமாக வைத்திருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இடையில் இறம்பொடைப் பக்கத்திலிருந்து ஒரு கங்காணியின் மகனுக்கு அவளைக் கேட்டு வந்தார்கள். அன்று சாயந்தரம் அவள் என்னைத் தேடி வந்து, “எங்க வீட்ல உங்களப் பத்திச் சொல்லிட்டேன். அதனால அவங்கள அனுப்பிட்டாங்க” என்றாள். அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை. எனக்கும் டயகமவில் அத்தை ஒரு பெண் பார்த்திருந்தார்கள். அம்மா எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் அதை வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். இப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

சம்பளம் போட்டதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கொட்டகலைக் கடைத்தெருவுக்குத் துணைக்கு வர முடியுமா என்று கேட்டாள். அதற்கு முன் அவள் என்னோடு சேர்ந்து நாலு எட்டு நடந்தது கிடையாது. நான் வெள்ளைச் சட்டையைத் தோய்த்து, கரிப்பெட்டி போட்டுத் தேய்த்தேன். அம்மாவிடம், இன்றைக்கு நல்ல பதிலோடு வருவேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கடைத்தெருவில் தோட்டத்து ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். எங்களைப் பார்த்துச் சாடை பேசினார்கள். எனக்கு அதுவும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அவள் எந்தக் கடையிலும் நிற்கவில்லை. நேரே ஸ்டேஷனுக்குப் போனாள். கொழும்பிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் வருகிறார் என்றாள்.

கொழும்பு ரயில் வந்தது. அவள் பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு பிளாட்பாரத்தின் கடைசி வரைக்கும் போனாள். ரயில் போன பிறகு திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அடுத்த ரயிலில் வருவார் என்றாள். நான் டீயும் வடையும் வாங்கி வந்தேன். தொடவில்லை. அப்போதுதான் அவள் மடியில் இருந்த துணி மூட்டையைக் கவனித்தேன். கடைக்குப் போகிற பெண் மாற்றுச் சேலை எதற்கு எடுத்து வர வேண்டும்?

மழை பிடித்துக்கொண்டது. அடுத்த ரயிலும் வந்தது. இறங்கினவர்கள் எல்லாரும் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் பார்வை மட்டும் தண்டவாளத்தை விட்டு வரவில்லை. இனி இன்றைக்குக் கொழும்பு ரயில் கிடையாது என்று போர்ட்டர் சிங்களத்தில் சொன்னார். அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமலே எல்லாவற்றையும் சொன்னாள்.

வர வேண்டியது சொந்தக்காரர் இல்லை, அவள் விரும்பிய ஒருவன். முன்பு கொட்டகலையில் ஒரு கடையில் இருந்தவன். கொழும்பில் வேலை கிடைத்துப் போய்விட்டான். வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ஒவ்வொரு திருவிழாவுக்கும் சொல்லிவிட்டுப் போவானாம். இந்த ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வருவதாக ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தானாம். அதுவரைக்கும் வீட்டில் வேறு இடத்தில் கட்டிக் கொடுத்துவிடாமல் இருக்க, என்னைக் காட்டிக் காட்டி நாளைக் கடத்தியிருக்கிறாள். தனியாக வந்தால் சந்தேகப்படுவார்கள் என்றுதான் அன்றைக்கும் என்னைக் கூட்டி வந்திருக்கிறாள்.

எனக்கு அடிக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. ஆனால் இரண்டு வருஷமாகப் பீலிக்கரையில் நான் எப்படி நின்றிருப்பேனோ, அப்படித்தான் அவள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்த பிறகு அவள் மூட்டையை நான் எடுத்துக்கொண்டு, வா போகலாம் என்றேன்.

திரும்பும் வழியில் நனைந்துகொண்டே நடந்தோம். லயம் கண்ணில் பட்டதும் அவள் நின்றாள்.

“உங்களோட நாள் பூரா சுத்துனத எல்லாரும் பாத்துட்டாங்க. எங்கப்பா விடமாட்டாரு. நீங்களே என்னைக் கட்டிக்கிறீங்களா?”

இதைக் கேட்கத்தானே இத்தனை காலம் காத்திருந்தேன். இப்படிக் கேட்பாள் என்று நினைக்கவில்லை. ஆனாலும் சரி என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

அவளைக் கொண்டுபோய் விட்டதும், வாசல் திண்ணையான இஸ்தோப்பிலேயே அவளுடைய அப்பா என்னைக் கன்னத்தில் அறைந்தார். மறுநாள் வேலை முடிந்ததும் அதே இஸ்தோப்பில் தோட்டத் தலைவரும் பெரியவர்களும் உட்கார்ந்தார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றார்கள். வயசுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு சுற்றிவிட்டு என்ன செய்யப்போகிறாய் என்று தலைவர் கேட்டார். கட்டிக்கொள்கிறேன் என்றேன். எல்லார் முகமும் தெளிந்தது. ஒருவர் முகூர்த்தம்கூடப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அப்போது அவள் கதவடிக்கு வந்தாள்.

“அவருமேல ஒரு தப்பும் இல்லங்க. நான் வேற ஒருத்தனோட போறதுக்காகத்தான் டேசனுக்குப் போனேன். அவன் வரல. இவர ரெண்டு வருசமா நான்தான் ஏமாத்திட்டேன். இவரு தலையில என்னைக் கட்டாதீங்க.”

சும்மா இருந்திருந்தால் அவளுக்கு ஒரு குடும்பம் அமைந்திருக்கும், பழியும் என்னோடு போயிருக்கும். எனக்கும் அவள் கிடைத்திருப்பாள். நான் கண்ணால் ஜாடை காட்டினேன், வேண்டாம், பேசாதே என்று. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அவளுடைய அம்மா அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்கள். அடி விழுகிற சத்தம் கேட்டது. அழுகிற சத்தம் கேட்கவில்லை. அவளுடைய அப்பா, முதல் நாள் என்னை அறைந்தவர், என் பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு அவளைக் கொழுந்துக்கு அனுப்பவில்லை. அந்தச் சமயத்தில் அவளுடைய மாமா ஒருவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போக இருந்தார். அவர்களோடு அனுப்பிவிட்டார்கள். அவள் பிறந்ததும் வளர்ந்ததும் இந்த மலையில். அந்த ஊரை அவள் கண்ணால் கண்டதில்லை. அவர்கள் போன அன்று காலை நான் ரோட்டுக்கு மேலே கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் பின்னால், ஒரு டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். துறையூர்ப் பக்கம், பெண்டாட்டி செத்துப்போன வயதான ஒருவருக்குக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அதற்கு மேல் ஒரு சேதியும் இல்லை.

வெகுநாள் வரைக்கும் அவள் மேல் எனக்கு இரண்டு கோபம் இருந்தது. ஏமாற்றினாளே என்று ஒன்று. கடைசியில் ஏமாற்றாமல் விட்டாளே என்று ஒன்று. இரண்டாவதுதான் அதிகம் வலித்தது. பின்னால் எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் வளர்ந்து, என் மகளைப் பெண் கேட்டு வந்தபோது, ஒத்துவராத இடத்துக்கு அவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். மரியாதை தெரியாதவன் என்று என் மனைவி சண்டை பிடித்தாள்.

அன்றைக்குக் கதவடியில் அவள் சொன்னது என்மேல் இரக்கப்பட்டா, இல்லை, அந்தப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தபோது காத்திருப்பது என்னவென்று தெரிந்துகொண்டதாலா, எனக்குத் தெரியாது. ஆனால் அவளிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே நேரான பதிலுக்கு அவள் தன் வாழ்க்கையையே கொடுத்தாள் என்பதை இந்த வயதிலும் என்னால் சாதாரணமாக நினைக்க முடியவில்லை.