விழுந்தவளுக்கும் ஓர் எண்

சேலம் ஜங்ஷனில் இறங்கியபோது காலை ஆறு மணி. எண்பத்தேழாம் வருஷத்துப் பங்குனி, ஞாயிற்றுக்கிழமை. நான் நாகப்பட்டினத்துக்காரன், கடலைப் பார்த்தே வளர்ந்தவன். கல்லும் மேடுமாகக் கிடக்கும் இந்தச் சீமையில் பார்க்க என்ன இருந்துவிடப் போகிறது என்ற இளக்காரத்தோடுதான் வந்து சேர்ந்தேன். பஸ் நிலையத்தில் இரண்டு இட்லியும் ஒரு காபியும் ஆயிற்று. நாமக்கல்லுக்கு டிக்கெட் நாலரை ரூபாய், தூரம் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம். வழியெல்லாம் லாரிகள். எங்கள் பஸ் ஒன்றை முந்தினால் முன்னால் இரண்டு நின்றன. நாமக்கல் வந்ததும் அந்த மலை. மலை என்று சொல்வதே தப்பு, அது ஒரே கல். சமவெளியின் நடுவே, யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டு எடுக்க மறந்துபோன மாதிரி உட்கார்ந்திருக்கிறது. என் இளக்காரத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

கல்லூரியில் என்னோடு படித்த பழனியப்பன் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தான். இப்போது இரண்டு லாரிக்குச் சொந்தக்காரன். மோகனூர் ரோட்டில் நாலு கிலோமீட்டர் தள்ளி, கரும்புக் காட்டுக்குள் அவன் வீடு. போகும்போதே சொன்னான்.

"ஊட்டுல பாவாயி ஒரு வருஷமா கீழயே உக்காந்துக்கறா. எலும்பு கூடிருச்சு, நடக்கலாமுன்னு டாக்டரு சொல்லீட்டாரு. காலை ஊன மாட்டீங்கறா. நீயாச்சும் சொல்லிப் பாரப்பா."

பாவாயி அவன் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து வருஷம் தவறாமல் மாரியம்மன் திருவிழாவில் குண்டம் இறங்குகிறவள், அதாவது நெருப்பு மிதிக்கிறவள். போன பங்குனியில் விரதக் காப்புக் கட்டிக்கொண்டு குளிக்கப் போன இடத்தில் தண்ணீர்த் தொட்டியருகே வழுக்கி விழுந்தாள். இடது தொடை எலும்பு முறிந்தது. காப்புக் கட்டிய பிறகு விழுந்ததால், அம்மன் தன்னைத் தள்ளிவைத்துவிட்டாள் என்று அவளுக்கு ஒரே முடிவு. இந்த முடிவுக்கு எந்த டாக்டர் மாவுக்கட்டுப் போடுவார்?

கூடத்தில் சுவரோரமாகப் பாயில் உட்கார்ந்திருந்தாள். நான் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டாள்.

"வாங்ணா. ஏனுங்ணா, பேப்பருல அந்த உழுந்த புள்ளயப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்குதுங்களா?"

உளுந்து விற்கிற பெண் யாரோ காணாமல் போய்விட்டாள் போலும் என்று நினைத்து, "எந்தக் கடைப் பிள்ளையம்மா?" என்றேன். பழனியப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். விழுந்த பிள்ளை என்பதுதான் அவர்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது.

விஷயம் இதுதான். போன ஞாயிறு பிற்பகல் டெல்லியிலிருந்து வரும் டி.வி. விளையாட்டு நிகழ்ச்சியில், வெளிநாட்டில் எங்கோ நடந்த பனிச்சறுக்கு நடனத்தின் உலகப் போட்டியைக் காட்டியிருக்கிறார்கள். வெள்ளை உடுப்புப் பெண் ஒருத்தி சுழன்று எழும்பித் தடாலென்று விழுந்தாள். எழுந்து ஆடினாள். இரண்டாம் சுற்றை அடுத்த வாரம் காட்டுவதாகச் சொல்லி நிறுத்திவிட்டார்கள்.

"அவங்கூர்ல இதுதான் குண்டமாட்ட இருக்குதுங்ணா. நம்ம நெருப்புல எறங்கறோம், அவங்க ஐஸுல எறங்கறாங்க" என்றாள் பாவாயி. "உழுந்தவள மறுக்கா எறங்க உடுவாங்களா? அதுதான் தெரியோணும்."

ஒரு வாரமாக இதே கேள்விதானாம். வயலுக்குப் போகும் வழியில் பழனியப்பன் என் தோளைப் பிடித்தான். "உனக்கு இங்கிலீஸு தெரியும். என்ன வந்தாலும் பஸ்ட்டுன்னு சொல்லிப்போடு. மாரியாயி நோம்பி சாட்டியாச்சு. இந்த வருசமும் எந்திரிக்கலீன்னா அப்பறம் எந்திரிக்கவே மாட்டா." நோம்பி என்றால் அவர்கள் பேச்சில் திருவிழா, சாட்டியாச்சு என்றால் நாள் குறித்து அறிவித்தாயிற்று. நானும் தலையாட்டிவைத்தேன்.

பிற்பகல் மூன்று மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பனித்தளம் பளபளக்கிறது. வர்ணனை இந்தி, யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. ஒருத்தி பின்பக்கமாகவே வழுக்கிக்கொண்டு வந்து, காற்றில் எழும்பி மூன்று சுற்றுச் சுற்றி, ஒற்றைக் காலில் இறங்கினாள்.

"அட சாமி!" என்றது கூடம். நானும்தான் சொன்னேன். மனித உடம்பு இப்படியும் செய்யும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"கால்ல சக்கரமுங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்லீங்க, கத்தி மாதிரி தகடு."

"கத்தி மேலயா நிக்கறா!" பாவாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பிறகு வெள்ளை உடுப்புப் பெண் வந்தாள். முதல் எழும்பல் சரியாக அமைந்தது. இரண்டாவதும் அமைந்தது. மூன்றாவதில் கால் மடங்கி மறுபடி விழுந்தாள். அந்தப் பெண் கையூன்றி எழுந்தாள், பாட்டை எட்டிப் பிடித்தாள், கடைசிவரை ஆடி முடித்துத் தலை குனிந்து வணங்கினாள். திரையில் மதிப்பெண்கள் வந்தன.

"அஞ்சுக்குப் பக்கத்துலயே போடறாங்க. நூத்துக்கா?" என்று பழனியப்பன் கலங்கினான்.

"ஆறுக்கு" என்றேன். அவனுக்கு உயிர் வந்தது.

முடிவில் பட்டியல் வந்தது. முதல் மூன்று பேருக்கு மெடல், பூச்செண்டு. வெள்ளை உடுப்புப் பெண்ணின் பெயர் கீழே ஏழாவது வரியில் இருந்தது.

"என்னங்ணா போட்டிருக்குது?"

பழனியப்பன் எனக்குக் கண்ணைக் காட்டினான். சொல்லியிருப்பேன், பொய் சொல்ல அஞ்சுகிற ஆள் இல்லை நான். ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்த பார்வையில் உண்மைதான் வாயில் வந்தது.

"ஏழாவதும்மா."

பழனியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். பாவாயி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு தடவ உழுந்தாளுங்களே?"

"ஆமாம்மா."

"அப்படியும் பேரத் தள்ளலீங்களா? எண்ணிக்கையில சேத்தீருக்காங்களா?"

"சேர்த்திருக்கிறார்கள். அவளுக்குக் கீழேயும் நிறையப் பேர்."

"உழுந்தவளுக்கும் ஒரு நெம்பரு குடுத்திருக்காங்க" என்றாள் மெல்ல. அதற்குள் கரண்ட் போய்விட்டது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சொதப்பிவிட்டோம் என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். பாய் காலியாக இருந்தது. அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு பாவாயி நின்றிருந்தாள். முகமெல்லாம் வியர்வை, முழங்கால் வெடவெடவென்று ஆடியது. தொடலாமா கூடாதா என்று தெரியாமல் பழனியப்பன் பக்கத்தில் கைகளை நீட்டியபடி அழுதுகொண்டிருந்தான்.

எங்கள் ஊர்க் கடலை ஆயுசு முழுக்கப் பார்த்திருக்கிறேன். நாமக்கல்லின் ஒற்றைக் கல்லையும் பார்த்தாயிற்று. அப்போதெல்லாம் தோன்றாதது அந்த நிலைப்படி முன்னால் தோன்றியது. பையைக் கீழே வைத்துக் கைகூப்பினேன்.

"ஏனுங்ணா" என்றாள் மூச்சிரைக்க, "எனக்கு எத்தனாவது போடுவீங்க?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு பழனியப்பன்தான் சொன்னான். "ஆடி முடிச்சாத்தான் நெம்பரு போடுவாங்க பாவாயி."

"செரி" என்றவள், நிலையிலிருந்து கையை எடுத்துவிட்டு, இடது காலை முன்னால் வைத்தாள்.