தூக்கினால் சுகமாகிவிடும் கார்

கார் திருத்துகிறவன் வேலையில் பாதி, சத்தம் கேட்பது. மற்றப் பாதி, அந்தச் சத்தம் காரில் இல்லை, பின் சீட்டுக்கடியில் உருளும் போத்தலில்தான் என்பதை ஆள் மனம் நோகாமல் சொல்வது. பல் டொக்டரோ, தையற்காரரோ, நாலு பேருக்கு முன்னால் நின்று உழைக்கும் எவருக்கும் இந்தப் பாடு விளங்கும். நான் மொன்றியலில், செயின்ட்-மிஷேல் பக்கம் ஒரு சின்னக் கராஜில் பதினெட்டு வருடமாக நிற்கிறேன். இங்கே சொல்லப்போவதெல்லாம் புஷ் பற்றிய கதைகள். சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்ம் என்ற இரும்புக் கை, காரின் உடம்போடு சேருகிற இடத்தில் ஒரு ரப்பர்க் கட்டி இருக்கும். அதுதான் புஷ். ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். அப்படிப்பட்ட ஒன்று போன மாரிக் குளிரில் ஒரு மனிதருடைய கார்த் திறப்பையே, சாவியையே, பறிக்கப் பார்த்தது.

வாயால் ஓடும் கார்கள்

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காரில் சத்தம் வந்தால் கராஜுக்குப் போன் எடுக்கமாட்டார்கள். ஞாயிறு தமிழ்ப் பூசை முடியும்வரை பொறுத்திருந்து, கத்தோலிக்கக் கோயில் கார் பார்க்கில் என்னை மடக்கிப் பிடித்து, சத்தத்தை வாயால் போட்டுக் காட்டுவார்கள். ஒருவர் ‘டொக் டொக்’ என்பார். இன்னொருவர் ‘ஞொறு ஞொறு’ என்பார். ஒருமுறை சுவாமியாரே பூசை உடுப்புக் களையாமல் வந்து ஒரு ‘கிறீச்’ போட்டுக் காட்டினார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு விலகிப் போனாள்.

பிலோமினா அக்கா கொண்டுவந்தது ‘கொர்ர்ர்... க்’ என்று நீளமாக இழுத்து முடியும் சத்தம். நல்ல தெளிவு, படித்த மெக்கானிக் கூட அவ்வளவு சரியாகப் போட்டுக் காட்டமாட்டான். வலது பக்க முன் புஷ் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றேன். அக்கா தூரத்தில், காருக்குள் வலது சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “அவரின்ரை குறட்டை எண்டு நினைச்சு ஒரு மாதமா முழங்கையாலை இடிச்சுக்கொண்டு வாறன், தம்பி.”

நல்லெண்ணெய் வைத்தியம்

கார்த்திக் மென்பொருள் படிக்கச் சென்னையிலிருந்து வந்த பிள்ளை. பழைய கார் ஒன்றை வாங்கி, இணையத்தில் புஷ் எடுப்பித்து, வீடியோ பார்த்துத் தானே மாட்டியிருந்தான். அந்தத் துணிச்சலை நான் குறை சொல்லமாட்டேன். கார் மட்டும் குறை சொன்னது. ஒவ்வொரு திருப்பத்திலும் தள்ளாடியது. கழற்றிப் பார்த்தால் ரப்பர் ஊறிப் பருத்து, இரும்புக் கூட்டுக்கு வெளியே பிதுங்கி நின்றது. முகர்ந்து பார்த்தேன். தோசை வாசம்.

புது ரப்பர் இறுக்கமாக இருந்தால் சவர்க்காரத் தண்ணீர் பூசினால் வழுக்கிக்கொண்டு போய்விடும். நல்லெண்ணெய் பூசி ஏற்றினால் அது சாகும். இதை நான் விளக்க விளக்க அவன் முகத்தில் வந்தது வெட்கமில்லை, வருத்தம். “அண்ணா, எங்க அம்மா தலைக்கு, கதவுக்கு, இட்லிப் பொடிக்கு எல்லாத்துக்கும் அதைத்தான் ஊத்துவாங்க. இது ஒண்ணுக்கு மட்டும் ஆகாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

கணவாய்க்குப் பக்கத்தில்

இப்போது அந்தோனிப்பிள்ளை ஐயா. எழுபத்தாறு வயது. தையல் ஃபக்டரி மெஷின்களின் இரைச்சலில் முப்பது வருடம் இருந்து, இரண்டு காதிலும் கேட்கும் மெஷின் வைத்திருக்கிறார். நகரின் மேற்கில், பியர்பொன்ட்ஸில் மகள் றெஜினாவோடு இருக்கிறார். மனைவி திரேசம்மா புவாண்ட்-கிளேரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில். அவருக்கு மறதி நோய். தாதிமார் ஊட்டினால் வாய் திறக்கமாட்டார், ஐயா தீத்தினால் சாப்பிடுவார். ஆகவே ஐயா தினமும் மத்தியானம் சோற்றுப் பெட்டியோடு காரில் போய்விடுவார். பஸ் என்றால் மாறி மாறிப் போய்ச் சேர, சோறும் ஆறி, நேரமும் போய்விடும்.

நவம்பரில் அந்தக் காருக்கு முன் புஷ் இரண்டும் போய்விட்டன. கார்க் கொம்பனிச் சாமான் வர மூன்று கிழமை, இருபத்தொரு நாள் என்றார்கள். அவரால் மூன்று நாளும் பொறுக்க முடியாது என்பதால் வேறு கொம்பனி செய்த புஷ்ஷை எடுப்பித்தேன். அது துவாரத்தைவிட ஒரு மயிரிழை பருமன். இதற்கு ஒரு வழி இருக்கிறது: ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்தால் சுருங்கிக் கொடுக்கும். கராஜ் ஃப்ரீசர் பழுது, எனவே வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பையில் சுற்றி, கணவாய்க்கும் இறாலுக்கும் நடுவில் வைத்தேன். காலையில் மனைவி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “குழம்போ பிரட்டலோ எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வேலைக்குப் போங்கோ.”

ஒன்றுமில்லை என்ற பதில்

புஷ் சுருங்கியது, உள்ளே போனது. அது பனி விழுமுன் எல்லாரும் குளிர் டயர் மாற்றும் காலம். கராஜ் வாசலில் கார்கள் தெருமுனை வரை நின்றன. ஐயாவின் காரை முடித்து இறக்கிவிட்டு அடுத்ததை ஏற்றினேன்.

ஒரு கிழமையில் ஐயா திரும்பி வந்தார். ஏதோ முனகுகிறது என்றார். காரைத் தூக்கும் ஹொயிஸ்டில் ஏற்றி, கார் அந்தரத்தில் நிற்க, அடியில் போய் விளக்குப் பிடித்துப் பார்த்தேன். புஷ் புதுப் பெண்ணைப் போல் அசையாமல் இருந்தது. நெம்பிப் பார்த்தேன், ஆட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. நாலு நாளில் மறுபடியும் வந்தார். மறுபடியும் ஏற்றினேன், மறுபடியும் ஒன்றுமில்லை. என்னுடன் வேலை செய்யும் ஹெய்ற்றிக்காரன் மொறீஸும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

அன்று மாலை றெஜினா போன் எடுத்தாள். கெட்ட பிள்ளை இல்லை. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் தகப்பனை நினைத்துப் பயந்து பயந்து ஓடுகிறவள். அவர் போன மாதம் வீட்டுக்கு வருகிற திருப்பத்தைத் தவற விட்டாராம். அடுப்பை அணைக்க மறந்தாராம். இப்போது இல்லாத சத்தமும் கேட்கிறதாம். தாய்க்கும் இப்படித்தான் தொடங்கியது என்று சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. பிறகு நிதானமாகச் சொன்னாள்: “அண்ணை, காரிலை ஒண்டுமில்லை எண்டு நீங்கள் சொன்னா, நான் அப்பாட்டை இருந்து திறப்பை வாங்கிப்போடுவன்.”

காது கேட்காதவர் யார்

ஒரு மெக்கானிக்கிடம் யாரும் இப்படிப்பட்ட தீர்ப்பைக் கேட்கக்கூடாது. மறுநாள் ஐயாவைக் கூப்பிட்டு, அவர் ஓட்ட நான் பக்கத்தில் இருந்து, செயின்ட்-மிஷேலின் தெருக்குழிகள் அத்தனையிலும் காரை விழுத்தி எடுத்தோம். மொன்றியல் மாநகரம் எங்கள் தொழிலுக்குச் செய்யும் உதவி அந்தக் குழிகள். எந்தக் குழியிலும் கார் வாய் திறக்கவில்லை. பியர்பொன்ட்ஸிலிருந்து ஓடி வந்த சூட்டில் நன்றாகத்தான் இருந்தது.

நான் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னேன். ஐயா காரை ஓரத்தில் நிறுத்தினார். வீட்டு வாசலில் காலையில் மெதுவாகப் பின்னுக்கு எடுக்கும்போதுதான் வரும் என்றார். காதால் அல்ல, இருக்கையால் தெரியும் என்றார். நான் தலையாட்டியது அவருக்குப் பிடிக்கவில்லை. குழந்தைக்குத் தலையாட்டுவது போல ஆட்டியிருப்பேன். இரண்டு காது மெஷினையும் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “காது கேக்காதது எனக்கு, தம்பி. உமக்கு என்ன நடந்தது?”

கோட்டுப் போட்டுக்கொண்டு காருக்கடியில்

அடுத்த ஞாயிறு நல்ல குளிர். பூசை முடிந்து வெளியே வந்தால் கார் பார்க்கில் ஐயாவின் கார் நின்றது. திறப்பு றெஜினாவின் கையில் இருந்தது. அவள்தான் ஓட்டி வந்தாளாம். நான் பதில் சொல்ல முன்னமே அவரிடமிருந்து வாங்கிவிட்டாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஐயா போய் இடது பக்கம், ஓட்டுகிறவர் சீட்டில் ஏறிக் குந்தினார். பழக்கம். அவர் குந்திய அந்தக் கணத்தில் எனக்குக் கேட்டது, கிழட்டுக் கட்டில் போல ஒரு முனகல்.

அவரை இறங்கி ஏறச் சொன்னேன். முனகியது. இன்னொரு முறை. முனகியது. கோயில் கோட்டோடு பனியில் மல்லாக்கப் படுத்து, தலையை உள்ளே விட்டு, போன் வெளிச்சத்தில் பார்த்தேன். ஹொயிஸ்டில் அழகாக இருந்த புஷ், கார் தன் காலில் நிற்கும்போது பிழிந்த துணியாக முறுகிக் கிடந்தது.

புஷ்ஷின் போல்ட்டை, காரின் பாரம் சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், தொங்குகிற நிலைதான் ரப்பருக்கு இயல்பாகிவிடும். தரையில் இறங்கியதும் நாள் முழுக்க முறுக்குப்பட்டுக்கொண்டே நிற்கும். குளிரில் இறுகினால் முனகும், சூடேறினால் அடங்கும். திரும்ப ஹொயிஸ்டில் தூக்கினால் முறுக்கு விட்டு, உடனே சுகமாகிவிடும். இது தொழிலில் முதல் வருடம் படிக்கிற பாடம். நான் அந்த டயர் அவசரத்தில் அந்தரத்திலேயே இறுக்கிவிட்டு இறக்கியிருக்கிறேன். பிறகு இரண்டு முறையும் அதே அந்தரத்தில் வைத்துப் பார்த்து ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றிருக்கிறேன்.

வெட்கத்தில் எனக்குப் பனியை விட்டு எழும்ப மனம் வரவில்லை. என் மனைவியின் சப்பாத்து, சுவாமியாரின் சப்பாத்து, பிலோமினா அக்காவின் சப்பாத்து எல்லாம் சுற்றி நின்றன. எழும்பி, கோட்டைத் தட்டாமல், றெஜினாவிடம் நேரே சொன்னேன்: அப்பாவில் ஒரு பிழையும் இல்லை, பிழை என்னுடையது. அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் தகப்பனின் காருக்குள் எட்டிப் பார்த்து, அழுதுகொண்டு, திறப்பை அவர் மடியில் வைத்தாள்.

திங்கட்கிழமை போல்ட்டைத் தளர்த்தி, காரைச் சக்கரத்தில் நிற்கவைத்து இறுக்கினேன். நல்ல காலம், ரப்பர் கிழியவில்லை. பில்லோடு கொடுக்கிற வேலைத் துண்டில் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்க ஐயா வந்து பக்கத்தில் நின்றார். முதல் தடவை பிழையாகப் பூட்டியது மெக்கானிக், கார் ஓட்டியவர் சொன்னது முழுதும் சரி என்று எழுதச் சொன்னார். எழுதினேன். அவர் துண்டை வாங்கி, பார்த்து, என்னிடமே திருப்பித் தந்தார். “தமிழிலை வேண்டாம் தம்பி, பிரெஞ்சிலை எழுதித் தாரும், அப்பாவுக்கும் மறதி, இனி ஒவ்வொரு நாளும் வரமாட்டார் எண்டு திறப்பை வாங்கின அண்டே மகள் இல்லத்து நேர்சுமாருக்குச் சொல்லிப்போட்டாள்.”

பதினெட்டு வருடத்தில் நான் எழுதிய துண்டுகளில் சுவரில் ஒட்டப்பட்டது அது ஒன்றுதான், திரேசம்மாவின் கட்டில் தலைமாட்டில், என் பிழையை என் கையெழுத்தோடு வருகிறவர் போகிறவர் எல்லாரும் வாசிக்கும்படி.